பூரணத்துவமும் சுட்டுவிரலும்

நம் சிறு வட்டத்தில் மௌனத்துக்கு மதிப்பு அதிகம். எழுதியதை வெளியிடாதவனை, வெளியிட்டதையும் ஓயாமல் திருத்துகிறவனை, பூரணத்துவத்தின் உபாசகன் என்று பயபக்தியோடு குறிப்பிடுகிறோம். மௌனி எழுதியவை 24 கதைகள். அந்தச் சிறு எண்ணிக்கையே அவர் தரத்துக்கு அத்தாட்சி என்பதுபோலப் பேசுகிறவர்கள் உண்டு. ஏறத்தாழ நூறு கதைகள் எழுதிய புதுமைப்பித்தனிடம் அவசரமும் உண்டு, அவசரத்தை மீறிய சாதனையும் உண்டு. எண்ணிக்கை எதையும் நிரூபிப்பதில்லை.

கறார்த்தனத்தில் படைப்பை வளர்ப்பது ஒன்று, படைப்பாளியைத் தின்பது ஒன்று. 1978-ல் டான் ஹாமசெக் என்ற அமெரிக்க உளவியலாளர் இயல்பான பூரணத்துவம், நோய்க்கூறான பூரணத்துவம் என்று இரண்டாகப் பிரித்தார். முதலாமவனுக்கு உழைப்பில் நிறைவு கிட்டும். வேண்டிய இடத்தில் பிடியைத் தளர்த்தவும் தெரியும். இரண்டாமவனுக்கு எதைச் செய்தும் போதாது. பிரிவினை சரிதான். ஆனால் இது மனநிலையின் வர்ணனை. நடு இரவில் ஒரு வரியோடு மல்லுக்கு நிற்கிறவனுக்குத் தான் எந்த வகை என்று இதனால் தெரிந்துவிடாது. மனசுக்கு வெளியே ஒரு அடையாளம் வேண்டும். அதற்கு இலக்கியத்தைவிட ஜவ்வாது மலை எனக்கு உதவியாக இருக்கிறது.

ஜவ்வாது மலையில், ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில், காவலூர் வானாய்வகம் இருக்கிறது. வேணு பாப்பு தேர்ந்த இடம். 1968-ல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. பாப்புவின் பெரிய கனவு 2.34 மீட்டர் தொலைநோக்கி. அதன் ஆடியை இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் பெங்களூர் ஒளியியல் கூடத்தில் தேய்த்து உருவாக்கினார்கள். பாப்பு 1982-ல் இறந்துபோனார். 1986 ஜனவரியில் தொலைநோக்கி அவர் பெயரோடு இயங்கத் தொடங்கியது. அன்று இந்தியாவில் அதுவே பெரியது.

ஆடி தேய்ப்பதைவிடக் கறாரான தொழில் அபூர்வம். அதன் பரப்பில் அனுமதிக்கப்படும் பிழை ஒளியலை நீளத்தின் எட்டில் ஒரு பங்கு. ஒரு மில்லிமீட்டரை ஏறத்தாழ 15,000 கூறு போட்டால் அதில் ஒன்று. ஆனாலும் இந்தத் தொழில் செய்கிறவர்கள் பித்துப் பிடித்து அலைவதில்லை. காரணம், 1858-ல் ஃபூக்கோ கண்டுபிடித்த கத்திமுனைச் சோதனை. ஆடி குவிக்கும் ஒளியைக் கத்தியின் விளிம்பால் மெல்ல மறைத்தால் பரப்பின் மேடுபள்ளம் நிழலாகத் தெரியும். எங்கே பிழை, எவ்வளவு பிழை என்று விரல் வைத்துக் காட்டலாம். அங்கே மட்டும் தேய்ப்பார்கள். தேய்த்த சூடு ஆறும்வரை காத்திருந்து மறுபடி பார்ப்பார்கள். நிழல் சரியானதும் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தியாக வேண்டும்: தேய்ந்துபோன கண்ணாடியைத் திரும்ப ஒட்ட முடியாது. ஓரிடத்தில் கை அதிகமாகிவிட்டால் மீதிப் பரப்பு முழுவதையும் அந்தப் பள்ளத்தின் மட்டத்துக்கு இறக்க வேண்டியதுதான்.

இவ்வளவு சிரத்தையோடு செய்த ஆடி எந்த வானத்தைப் பார்க்கிறது? 2.34 மீட்டர் ஆடி கோட்பாட்டளவில் ஒரு விகலையில், அதாவது ஒரு பாகையின் 3600-ல் ஒரு பங்கில், 17-ல் ஒன்றைக்கூடப் பிரித்துக் காட்ட வல்லது. காவலூரின் காற்றோ நட்சத்திரத்தை ஒரு விகலைக்கு மேல் கலக்கிவிடும். இரண்டு பருவமழைகளும் பல இரவுகளைக் கொண்டுபோய்விடும். பூரண வானத்துக்காகக் காத்திருந்தால் ஒன்றும் நடந்திராது. 1977-ல் யுரேனஸின் வளையங்கள் தெரியவந்தபோது சாட்சி சொன்ன கருவிகளில் காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியும் ஒன்று. கண்ணாடியில் கறார், வானத்தோடு சமரசம். இரண்டும் ஒரே மனிதர்களிடம் இருந்தன.

எதிர் உதாரணமும் உண்டு. 1990-ல் விண்ணில் ஏவிய ஹப்பிள் தொலைநோக்கியின் ஆடி அபாரமாக மெருகேற்றப்பட்டது, ஆனால் தவறான வடிவத்துக்கு. அளவிடும் கருவியில் ஒரு வில்லை 1.3 மில்லிமீட்டர் இடம் தவறியிருந்தது. துல்லியம் குறைந்த வேறு சோதனைகள் பிழையைக் காட்டின. அவை மட்டமான கருவிகள் என்று ஒதுக்கப்பட்டன. 1993-ல் விண்ணுக்கே போய்ச் சரிசெய்ய நேர்ந்தது. இரண்டாவது சாட்சியைக் கேட்க மறுக்கும் கறார் அகங்காரத்தின் இன்னொரு பெயர்.

கவிதைக்கு ஏது கத்திமுனை என்று கேட்கலாம். நிழல் காட்டும் கருவி நமக்கு இல்லைதான். ஆனால் கேள்வி இருக்கிறது: பிழை எங்கே? 'இந்த வினைச்சொல் பொய்', 'மூன்றாம் வரி முதல் வரியைத் திருப்பிச் சொல்கிறது' என்று சுட்ட முடிந்தால் திருத்தலாம். எத்தனை முறை திருத்தினாலும் அது ஆரோக்கியம்தான், அதற்கு முடிவும் உண்டு. சுட்ட முடியாமல் 'இன்னும் சரியாக இல்லை' என்று மட்டும் தோன்றிக்கொண்டிருந்தால் அங்கே அளக்கப்படுவது கவிதை இல்லை. எழுதியவன் மற்றவர் கண்ணில் எப்படித் தெரிவான் என்ற பயம் அளக்கப்படுகிறது. பயத்துக்கு அளவுகோல் கிடையாது, அதனால் நிறுத்துமிடமும் கிடையாது.

எனக்குத் தெரிந்த ஒரு கவிஞர் பதினைந்து வருஷமாக ஒரே நோட்டுப்புத்தகத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறார். ஆரம்பப் பிரதிகளில் உயிர் இருந்தது. இப்போது வழவழப்பு இருக்கிறது. தேய்ந்த கண்ணாடி திரும்பாது. அவரை இந்த நிலைக்குக் கொண்டுவந்ததில் விமர்சகர்களுக்கும் பங்குண்டு. 'தரம் போதாது' என்று தீர்ப்புச் சொல்லி, எந்த வரியில் என்று சொல்லாமல் போகிற விமர்சனம், எழுதுகிறவனிடம் பயத்தைத்தான் விட்டுச்செல்கிறது. இடத்தைச் சுட்டாத கறார்த்தனத்தை விமர்சனம் என்று ஏற்க நான் தயாராக இல்லை.