எந்த ‘நாம்’?

தமிழில் ‘நாம்’ கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும்; ‘நாங்கள்’ அவரை வெளியே நிறுத்தும். வெளிநாட்டு நிறுவனங்களின் உள்ளூர் மேலாளர்களைப் பற்றிய ஆய்வுகளை இந்த இலக்கணத்தைக் கொண்டே வாசிக்கலாம்.

கேரல் ரீட் 2001இல் வெளியிட்ட ஆய்வு, பிரிட்டிஷ் பன்னாட்டு நிறுவனமொன்றின் இந்திய, பாகிஸ்தான் கிளை மேலாளர்களைப் பற்றியது. கிளையின் மீதான பற்றும் உலக நிறுவனத்தின் மீதான பற்றும் ஒன்றல்ல என்று அது காட்டியது. முக்கியமான கண்டடைதல். ஆனால் இத்தகைய ஆய்வுகளின் பார்வை பெரும்பாலும் மேல்நோக்கியே இருக்கிறது: மேலதிகாரி ஆதரிக்கிறாரா, தலைமையகம் வரை உயர வழியுண்டா? மேலாளருக்குக் கீழே வேலை செய்பவள் அந்தக் கேள்விகளுக்குள் வருவதில்லை.

ஸ்ரீபெரும்புதூரில் அவள் இருந்தாள். 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலையின் தொழிலாளர்களில் பெரும்பான்மையினர் இளம்பெண்கள். 2014இல் கைபேசிப் பிரிவு மைக்ரோசாஃப்ட் வசம் போனது. வரி வழக்கில் சிக்கிய இந்த ஆலை விற்பனையில் சேரவில்லை; அந்த நவம்பரில் உற்பத்தி நின்றது. விற்கும் முடிவு பின்லாந்தில் எடுக்கப்பட்டது. அங்கே சொல்லப்பட்ட ‘நாம்’ உள்ளூர் மேலாளரையும் சேர்த்துக்கொள்ளவில்லை.

ஆனாலும் இருவரின் இழப்பும் சமமன்று. மேலாளருக்கு அவருடைய அனுபவம் அடுத்த நிறுவனத்தின் கதவைத் திறக்கக்கூடும். லைனில் நின்றவளுக்கோ, சம்பளத்தோடு சேர்ந்து கல்யாணத்தைத் தள்ளிப்போடக் கிடைத்த காரணமும் போய்விடுகிறது.

இலக்கை எட்டவேண்டிய மாதத்தில் ‘நம்ம கம்பெனி’, ஆட்குறைப்பின்போது ‘மேலிடத்து முடிவு’. மேலாளரின் பற்றை அளக்க விரும்புவோர் அவரிடம் மட்டும் கேட்டால் போதாது. அவர் சொல்லும் ‘நாம்’ என்பதில் தானும் இருக்கிறாளா என்று அவளிடமும் கேட்க வேண்டும்.