யாத்திரிகன் நீத்த இல்லம்

திருநெல்வேலிக்கு அணித்தாய கரையிருப்பில் 1827-ஆம் ஆண்டு வைணவ வேளாளர் குடியிற் பிறந்து, 1858-இற் சென்னையில் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1894-இல் வெளியிட்டது இரட்சணிய யாத்திரிகம். ஐந்து பருவங்களால் இயன்ற அப்பெருநூல், ஜான் பனியன் என்னும் ஆங்கிலர் 1678-இல் இயற்றிய யாத்திரைக் கதையைத் தழுவியது. கம்பனிற் பழகிய அதன் ஓசைநலத்தைப் பலர் பாராட்டியுள்ளனர். ஆசிரியர்க்குக் கிறிஸ்தவக் கம்பர் என்னும் பெயரும் வழங்குகின்றது. அதனை மீட்டும் விரித்தல் வேண்டா. ஈண்டு ஆராயத்தக்கது அக்கதையின் தொடக்கம்.

அழிவிற்குரிய நகரில் வாழும் ஒருவன், முதுகிற் சுமையும் கையில் வேதமும் உடையனாய்க் கலங்கி, வரவிருக்கும் கேட்டினை மனைவி மக்கட்கு உரைக்கின்றான். அவர்கள் அவனுக்கு மதிமயக்கம் நேர்ந்ததென அஞ்சி, உறங்கினால் தெளிவான் என்று படுக்கவைக்கின்றனர். தெளியாமை கண்டு கடிந்தும் நகைத்தும் பாராமுகமாயும் ஒழுகுகின்றனர். முடிவில் அவன் ஓடுகின்றான். மனையாளும் மக்களும் கூவி அழைக்க, இரு செவியிலும் விரலை இட்டு, நித்தியஜீவன் என்று அரற்றிக்கொண்டு ஓடுகின்றான். பனியன் தீட்டிய காட்சி இது.

பெண்டு பிள்ளைகளைக் கைவிடுவதும் ஒரு பத்தியோ என்று இதனை இகழும் சைவர் உளர். இகழுமுன் அவர்கள் பெரியபுராணத்தை ஒருகால் திறந்து பார்த்தல் நன்று. தந்தையின் தாளைத் துணித்த சண்டேசுரரையும், மைந்தனை அரிந்து அமுதாக்கிய சிறுத்தொண்டரையும், மனைவியை ஈந்த இயற்பகையாரையும் கும்பிடும் கை, செவியில் விரலிட்டவனைச் சுட்டுதல் முறையன்று. உறவினும் இறைவனே பெரியன் என்பதில் இரு நெறிக்கும் வழக்கில்லை.

வேற்றுமை வேறிடத்தது. சிறுத்தொண்டர் தனித்துச் செய்திலர், திருவெண்காட்டு நங்கையார் மகவைப் பற்றிக் கொடுத்தார், சீராளன் மீண்டான், சந்தனத்தாதியார் உட்பட அனைவரும் ஒருங்கே பேறுற்றனர். வெட்டுண்ட எச்சதத்தனும் பழி நீங்கிச் சுற்றத்தொடு சிவலோகம் எய்தினான் என்றே சேக்கிழார் முடிக்கின்றார். அன்பின் கொடுமை பெரிதாயினும், இல்லம் பின்தங்கிப் போகவில்லை.

பனியன் இதனை அறியாதவரும் அல்லர். 1660 முதல் பன்னீராண்டு பெட்போர்டுச் சிறையில் இருந்தவர் அவர். பிரசங்கம் செய்யேன் என்று உறுதி சொல்லியிருப்பின் மனைக்கு மீண்டிருக்கலாம், சொன்னாரல்லர். முதல் மனைவி விட்டுச் சென்ற மக்கள் நால்வர், மூத்தவள் கண்ணில்லாதவள். அவளைப் பிரிந்த துயரம், தசையை எலும்பினின்று பிரித்தல் போன்றதென 1666-இல் வெளிவந்த தம் வரலாற்றில் அவரே எழுதினார். இரண்டாம் மனைவி எலிசபெத்து நீதிபதிகள்முன் சென்று மன்றாடினாள். சிறைக்குள்ளிருந்தே நாடாக்களுக்கு நுனிப்பூண் இட்டு விற்று, அவர் குடும்பத்துக்குப் பொருள் தேடினார். செவியடைத்தோடும் மனிதனைப் படைத்தவர், தம் செவியை அடைத்திலர் என்பது இதனாற் புலனாம். கதையினுள்ளும், மாளிகை ஒன்றில் குடும்பத்தை ஏன் கொணர்ந்திலை என்று வினவப்பட்ட யாத்திரிகன் அழுகின்றான்.

இனி அவர்தம் வேதமும் ஒருதலையாகப் பேசவில்லை. தன்னினும் தாய்தந்தையரை மிகுதியாய் நேசிப்பவன் தனக்குத் தகான் என்று மத்தேயு நூலிற் கூறும் ஏசுநாதரே, காணிக்கை என்று சாக்குரைத்துப் பெற்றோரைப் பேணாதுவிட்ட பரிசேயரை மாற்கு நூலிற் கடிந்துரைக்கின்றார். சிலுவையிலிருந்தும் தம் அன்னையை மாணாக்கன் ஒருவனிடம் அடைக்கலம் தந்ததை யோவான் நூல் கூறும். முதல் வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மனைவி மக்களை வறுமையில் விடுவோர் தம் வேதத்தைப் பாதியே படித்தவராவர்.

கிருஷ்ண பிள்ளைக்கு நேர்ந்த இடர் பெரிது. அவர் பயின்ற கம்பராமாயணத்தில் நகர்நீங்குதல், தந்தை சொற் காத்தற்கு. ஆங்கே கோசலை புலம்பவும் சீதை வாதாடி உடன்செல்லவும் இடமுண்டு. பனியன் கதையில் நீங்குதல் உறவின் சொல்லை மீறுதற்கு. அக்குறையை உணர்ந்தார்போல, பனியன் 1684-இல் இரண்டாம் பாகம் எழுதி, முதற்பாகத்திற் பெயரும் பெறாத மனைவிக்குக் கிறிஸ்தியானா எனப் பெயரிட்டு, மக்களொடு அவ்வழியே நடத்தினார். பிள்ளையவர்கள் தழுவியதோ முதற்பாகம். சீதையின் வழக்குரையைக் கம்பனிற் சுவைத்த நா, அம்மனையாளின் நடையையும் பாடியிருக்குமாயின் தமிழுக்கு ஓர் அரிய பருவம் கிடைத்திருக்கும்.