அன்னாள் தைத்த சட்டை

வேதாகமத்தை ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தல் வரை ஒரே கதையாக வாசித்தால், உடை அதன் ஊடே வந்துகொண்டே இருக்கும். ஏதேனில் அத்தி இலைகளைத் தைத்துக்கொண்டு ஒளிந்த இருவருக்கும், வெளியே அனுப்பும் முன் கடவுளே தோல் உடை செய்து உடுத்துகிறார். தீர்ப்புச் சொன்னவர் கையாலேயே அந்த உடை. கண்டித்த கையோடு பிள்ளைக்குச் சோறு போடும் அம்மாக்களுக்கு இது புரியும்.

எனக்கு மிகப் பிடித்தது அன்னாளின் சின்னச் சட்டை. சீலோவில் ஆலயப் பணிக்கு விட்டுவந்த மகன் சாமுவேலுக்கு வருடாவருடம் ஒன்று தைத்துக் கொண்டுபோகிறாள். பார்த்து ஒரு வருடம் ஆகியிருக்கும். தோள் எவ்வளவு அகன்றிருக்கும், கை எவ்வளவு நீண்டிருக்கும் என்று மனதாலேயே அளவெடுத்திருப்பாள். மகனை ஒப்படைத்தபோது அவள் பாடிய துதி 10 வசனங்களுக்கு நீள்கிறது. சட்டைக்கு ஒரே வசனம்தான். எனக்கு இரண்டுமே ஜெபமாகப் படுகின்றன.

யோப்பாவில் தொற்காள் இறந்தபோது, அவள் செய்து தந்த உடைகளை விதவைகள் அழுதபடியே பேதுருவிடம் எடுத்துக் காட்டினார்கள். சிலுவையடியில் சேவகர்கள் கிழிக்காமல் சீட்டுப் போட்டதும், தையலே இல்லாமல் நெய்த இயேசுவின் அங்கிக்குத்தான். அதை நெய்த கை யாருடையது என்று யோவான் தம் நற்செய்தியில் எழுதவில்லை.