போர்வெல் வண்டிக்கு அடிக் கணக்கு, எழுதுகிறவனுக்கு?

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒருவருக்கு நான் சொன்ன பதில் தவறு. அதைத் திருத்தத்தான் இந்தக் குறிப்பு.

கேட்டவர் எனக்குத் தம்பி முறை. ராசிபுரம் பக்கம். திருச்செங்கோட்டில் ஒரு போர்வெல் ஆபீசில் கணக்கு எழுதுகிறார். ஞாயிற்றுக்கிழமையானால் பைக்கை எடுத்துக்கொண்டு ஏரிக்கரை, காட்டு ஓரம் என்று நடுகல் தேடிப் போவார். அளவெடுத்து, படம் பிடித்து, ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் கதையையும் கேட்டு வந்து தன் வலைப்பதிவில் எழுதுவார். மிகைப்படுத்தாமல் எழுதக்கூடியவர். ஒருநாள் போன் பண்ணி, "அண்ணா, வேலைய உட்டுட்டு முழுசா எழுத்துலயே எறங்கிரலாம்னு இருக்கறனுங்ணா. ப்ளாக் வெச்சே பொழைக்க முடியுமுங்களா?" என்று கேட்டார். நான் ஏதோ அவசரத்தில் இருந்தேன். "ஆர்வம் இருந்தா எல்லாம் முடியும் தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சினிமா வசனம் மாதிரி ஒரு பதில். போன வாரம் அவர் அப்பாவைப் பார்த்தபோதுதான் அது உறைத்தது. அறுபது வயதிலும் விசைத்தறி ஓட்டுகிற மனிதர். "நீங்க சொன்னீங்கன்னு சொல்றானுங்க" என்றார், அவ்வளவுதான். குற்றம் சாட்டுகிற குரல்கூட இல்லை.

அதனால் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பழைய புத்தகங்களையும் புரட்டினேன்.

முதலில், தம்பி காசு கட்டிச் சேர்ந்திருந்த ஆன்லைன் வகுப்பின் கையேட்டை வாங்கிப் படித்தேன். 'வீட்டிலிருந்தே மாதம் லட்சம்' வகை. இதையும் ஓர் இலக்கிய வகையாகவே படிக்கலாம், அதற்கென்று மாறாத உறுப்புகள் இருக்கின்றன. முதல் பக்கத்தில் கஷ்டப்பட்ட கதை. இரண்டாம் பக்கத்தில் வங்கிக் கணக்கின் படம். அப்புறம் பத்துப் பதினைந்து 'ரகசியங்கள்'. கடைசியில் இதைவிட விலை கூடிய அடுத்த வகுப்புக்கு அழைப்பு. நாற்பது பக்கத்தில் எங்கேயும் இல்லாத ஒரே விவரம், எழுதியவரின் வருமானத்தில் எத்தனை பங்கு வலைப்பதிவிலிருந்து வந்தது, எத்தனை பங்கு வகுப்புக் கட்டணத்திலிருந்து வந்தது என்பது.

தம்பிக்கு இதைப் புரிய வைக்க அவர் ஆபீசே போதும். போர்வெல் வண்டிக்குக் கூலி அடிக் கணக்கு. ஆயிரம் அடி ஓட்டினால் ஆயிரம் அடிக்கும் காசு. தண்ணீர் வந்தாலும் சரி, புகை மாதிரி வெறும் மண்தூள் பறந்தாலும் சரி, பில் ஒன்றுதான். தோட்டக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார், வண்டி அடுத்த ஊருக்குப் போய்விடும். வகுப்பு நடத்துகிறவர் வண்டிக்காரர். ஊற்று வருமா வராதா என்பது காட்டுக்காரர் பாடு.

இப்போது அந்த ஊற்றின் கணக்கு. கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரச் சேவை தமிழை ஏற்றுக்கொண்டது 2018 பிப்ரவரியில். தமிழ் வலைப்பதிவுகளைத் திரட்டித் தந்த தமிழ்மணம் வந்தது 2004இல். அதாவது, தமிழ் வலைப்பதிவு ஓகோ என்றிருந்த வருடங்களில் தமிழில் எழுதி விளம்பரக் காசு பார்க்க முறையான வழியே கிடையாது. அப்போது எழுதிக் குவித்தவர்கள் வேறு எங்கோ சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதியவர்கள். வழி திறந்தபோது கூட்டம் முகநூலுக்கும் யூடியூபுக்கும் போயிருந்தது.

இன்றைய நிலைக்கு என் தளத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஆயிரம் பார்வைக்கு அரை டாலர் கிடைத்தால் எனக்கு அது நல்ல மாதம். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 20,000 ரூபாய் வேண்டுமானால் 235 டாலர். அதற்கு மாதம் 4,70,000 பார்வை, ஒரு நாளைக்குப் பதினைந்தாயிரத்துக்கும் மேல். தம்பி எழுதியதிலேயே சிறந்தது, புலியோடு பொருதும் வீரன் நடுகல்லைப் பற்றிய பதிவு. அதை ஒரு வருடத்தில் பார்த்தவர்கள் எண்ணூற்றுச் சொச்சம். இந்தக் கணக்கில் அதன் வருமானம் 35 ரூபாய் சுமார். அந்தக் கல்லைப் போய்ப் பார்த்து வந்த பெட்ரோல் செலவு அதைவிடப் பல மடங்கு. போதாததற்கு இப்போது தேடுபொறியே பதிலைச் சுருக்கி மேலே காட்டிவிடுகிறது, பக்கத்துக்குள் வருகிறவர்கள் இன்னும் குறைகிறார்கள்.

நாளைக்குப் பதினைந்தாயிரம் பேர் வருகிற தமிழ்த் தளங்கள் இல்லாமல் இல்லை. தங்கம் விலை, தேர்வு முடிவு, வேலைவாய்ப்புச் செய்தி, டிஎன்பிஎஸ்சி குறிப்பு போடுகிற தளங்கள். அதுவும் உழைப்புதான், நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. ஆனால் தம்பி வேலையை விட நினைப்பது நடுகல்லுக்காக. கடைசியில் தங்கம் விலை எழுதுவதாக இருந்தால், போர்வெல் ஆபீஸ் கணக்கை விட்டுவிட்டு இன்னொரு கணக்கு எழுதப் போகிறார் என்றுதான் அர்த்தம்.

சரி, இது இணையத்தின் கோளாறா? இணையம் வருவதற்கு முன்னால் நம் சேலம், நாமக்கல் பக்கத்தில் எழுத்து யாருக்காவது படியளந்ததா? மூன்று உதாரணம் பார்க்கலாம்.

மோகனூரில் 1888இல் பிறந்த வெ. இராமலிங்கம் பிள்ளை, நாமக்கல் கவிஞர். உப்புச் சத்தியாகிரகத்துக்கு 1930இல் வேதாரண்யம் நோக்கி நடந்தவர்கள் பாடிப் போனது அவருடைய பாட்டு. 1949இல் சென்னை மாகாணத்தின் அரசவைக் கவிஞர். சென்னைத் தலைமைச் செயலகத்தின் பத்து மாடிக் கட்டடத்துக்கு இன்று அவர் பெயர். ஆனால் கவிஞர் என்று நாடு அறியும் முன்பு அவருக்குச் சோறு போட்டது தூரிகை. ஆட்களைப் பார்த்து அச்சு அசலாகப் படம் எழுதுகிற ஓவியர் அவர். 'மலைக்கள்ளன்' நாவல் அச்சில் இருந்ததைவிட, 1954இல் எம்.ஜி.ஆர். நடித்த படமாகி, பிறகு இந்தி உட்படப் பல மொழிகளுக்கும் போனபோதுதான் ஊரெல்லாம் தெரிந்தது. அரசவைக் கவிஞர் பதவி வரும்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது.

இரண்டாவது, ஒரு வளைவு. சேலத்திலிருந்து ஏற்காடு போகிற சாலையில் இன்றும் நிற்கிறது, மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவாயில். உள்ளே ஸ்டுடியோ இல்லை, குடியிருப்புகள்தான். 1930களின் நடுவில் டி.ஆர். சுந்தரம் தொடங்கியது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) எல்லாம் இங்கிருந்து போனவை. மில் மாதிரி நேரம் தவறாமல் நடந்த இடம். மு. கருணாநிதி 'மந்திரி குமாரி'க்கு (1950) வசனம் எழுதியது இங்கே. கண்ணதாசனும் இங்கே வேலை பார்த்தவர். என் வாசிப்புக்கு எட்டியவரை, நம் வட்டாரத்தில் எழுத்தாளன் எழுத்தாளனாகவே சம்பளம் வாங்கிய இடம் என்றால் அது இந்த வளைவுக்கு உள்ளேதான். ஆனால் அங்கே காசு கொடுத்தவர் வாசகர் இல்லை, முதலாளி. என்ன எழுதுவது, எப்போது முடிப்பது என்பதையும் அவரே சொன்னார். கதை படத்துக்குத் தேவைப்பட்டவரை எழுத்துக்கு விலை இருந்தது.

மூன்றாவது உதாரணம் நம் காலத்தது, இதில் கொஞ்சம் நிற்க வேண்டும். திருச்செங்கோட்டுக்காரரான பெருமாள்முருகன் அரசுக் கல்லூரியில் தமிழ் ஆசிரியராக வேலை பார்த்தவர். முதல் நாவல் 'ஏறுவெயில்' 1991இல். 'மாதொருபாகன்' 2010இல். அதை எதிர்த்து 2014 கடைசியில் கிளம்பிய போராட்டமும், 2015 ஜனவரியில் நாமக்கல்லில் நடந்த பேச்சுவார்த்தையும் எல்லோருக்கும் தெரிந்தவை. அதற்குப் பிறகு முகநூலில் அவர் வெளியிட்ட அறிவிப்பை எழுத்துச் சுதந்திரத்தின் ஆவணமாகவே எல்லோரும் படித்தோம். இந்த முறை அதைப் பிழைப்பின் ஆவணமாகவும் படித்துப் பார்த்தேன்.

அந்த அறிவிப்பில் எழுத்தாளன் இறந்துவிட்டான் என்கிறார். இனி உயிரோடு இருக்கப்போவது ஆசிரியர் பெ. முருகன் மட்டும் என்கிறார். பதிப்பகங்கள் தன் புத்தகங்களை விற்க வேண்டாம், அதனால் வரும் நட்டத்தைத் தானே ஈடுகட்டுகிறேன் என்கிறார். யோசித்துப் பாருங்கள். இதைச் சொல்ல ஒருவருக்கு மாதச் சம்பளம் இருக்க வேண்டும். புத்தகம் விற்றுத்தான் அரிசி வாங்க வேண்டும் என்றிருந்தால், எழுத்தாளன் செத்தால் வீட்டுக்காரனும் கூடவே செத்திருப்பான். எழுதுவதை நிறுத்துவதற்கும்கூட அந்த வேலைதான் இடம் கொடுத்தது. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு அவர் எழுத்துக்குத் திரும்பி வந்தார்.

2023இல் 'ஆளண்டாப் பட்சி'யின் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு ஜேசிபி பரிசு கிடைத்தது. எழுத்தாளருக்கு 25 லட்சம் ரூபாய். "பாருங்கண்ணா, எழுத்து சோறு போடுதில்ல" என்று தம்பி இதைத்தான் காட்டினார். ஒரு குறும்புக் கணக்குப் போட்டேன். முதல் நாவலிலிருந்து 32 வருடம். 25 லட்சத்தை அந்த மாதங்களால் வகுத்தால் மாதத்துக்கு 6,500 ரூபாய். உரிமைத்தொகை முதலான வருமானங்கள் இதில் சேராது, ஆகவே நியாயமான கணக்கு இல்லை. ஆனால் வேலையை விட நினைக்கிற ஒருவர் லாட்டரியை மட்டும் பார்க்காமல் இந்த வகுத்தலையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

நம் பக்கத்தை விட்டு வெளியே போனாலும் நிலைமை இதுதான். தமிழ் இணையத்தின் ஆகப் பெரிய எழுத்துழைப்பு ஜெயமோகனின் 'வெண்முரசு'. 2014 ஜனவரி 1இல் தொடங்கி 2020இல் முடிந்தது. 26 நாவல்கள், தினம் ஒரு அத்தியாயம், யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். அவர் முன்பு தொலைபேசித் துறையில் வேலை பார்த்தவர், பிறகு சினிமாவுக்கு எழுதியவர். தளம் அவருக்கு வாசகர்களைக் கொடுத்தது, வருமானம் சினிமாவிலிருந்து வந்தது.

இதை எல்லாம் தொகுத்துத் தம்பியிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்று சொன்னார்: "நீங்க சொல்ற ஆளுங்கெல்லாம் கவருமெண்டு வேலை, இல்லாட்டி சினிமாங்ணா. வாத்தியாருக்கு லீவு இருக்குது. நான் காலைல ஒம்போதுக்குப் போனா ராத்திரி எட்டுக்குத்தான் வருவேன். வேலையும் பாரு, எழுதவும் எழுதுன்னு சொல்றது சுலபமுங்ணா."

இதற்கு என்னிடம் தயாராகப் பதில் இல்லை. அவர் சொல்வது உண்மை. 'ஒரு வேலையில் இருந்துகொண்டு எழுது' என்கிற அறிவுரை, எழுத நேரம் மிஞ்சுகிற வேலையில் இருப்பவர்கள் கண்டுபிடித்தது. தறி ஓட்டுகிறவரும், லாரி பாடி கட்டுகிறவரும், பத்து மணி நேரம் பில் போடுகிறவரும் ஏன் அதிகம் எழுதவில்லை என்று கேட்டால், திறமையைப் பற்றிப் பேசுவதற்கு முன் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். என் பழைய பதிலில் இருந்த அதே சோம்பல் இந்த இரண்டாவது பதிலிலும் பாதி இருந்தது.

அதனால் கேள்வியை மாற்றிப் போட்டுப் பேசினோம். 'ப்ளாக் எனக்குச் சம்பளம் தருமா?' என்பதற்கு என் பதில், தராது. அவர் எழுதுகிற விஷயத்துக்கு, தமிழில், இன்றைய நிலையில் தராது. 'எனக்கு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேண்டும், அதை எங்கிருந்து எடுப்பது?' என்பதற்கு மட்டும் வழி தேடலாம். ஐந்து வருடமாக எழுதிய நடுகல் குறிப்புகள் ஒரு புத்தகத்துக்குப் போதுமானவை. வருமானம் குறைந்த எழுத்தாளர்கள் நூல் வெளியிடத் தமிழ் வளர்ச்சித் துறை நிதியுதவி தருகிற திட்டம் இருக்கிறது, அதற்கு விண்ணப்பிக்கலாம். புத்தகம் பணம் கொண்டுவரும் என்று நான் சொல்ல மாட்டேன். அச்சில் வந்தால் கல்லூரியிலும் தொல்லியல் ஆட்களிடமும் அவர் பெயர் நிற்கும், கூட வருகிறாயா என்று யாராவது கூப்பிடலாம். அதற்கு நான் பொறுப்பேற்க முடியாது. முடிவெட்டுகிற கூலிக்குக்கூட உத்தரவாதம் இல்லாத தொழில் இது என்பதைத் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும்.

வழியை அவரே கண்டுபிடித்தார். மழைக்காலத்தில் போர்வெல் வண்டிகளுக்கு ஓட்டம் குறையும். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் ஆபீசில் பாதி நாள் சும்மா உட்கார்ந்திருப்பதுதானாம். அந்த இரண்டு மாதம் அரைச் சம்பளத்துக்கு மதியம் வரை மட்டும் வரட்டுமா என்று முதலாளியிடம் கேட்கப் போகிறேன் என்றார். புத்தகம் எழுதுகிறேன் என்று சொல்ல மாட்டாராம், தோட்டத்து வேலை என்று சொல்வாராம்.

அவர் அப்பாவுக்கு நானே போன் போட்டு, "நான் அன்னிக்கு யோசிக்காம சொல்லிட்டனுங்க" என்று சொன்னேன். "வேலைய உடலீங்களே, அது போதுமுங்க" என்றார். பின்னால் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. முதலாளி என்ன சொன்னார் என்று தம்பி இன்னும் சொல்லவில்லை.