மேல் பெர்த்திலிருந்து 'நாயக்'

சத்யஜித் ரேயின் 'நாயக்' படத்தை இதுவரை மூன்று தடவை பார்த்திருக்கிறேன். முதல் தடவை வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு ஃபிலிம் சொசைட்டி திரையிடலில். இரண்டாவது தடவை வீட்டில், டிவிடியில். மூன்றாவது தடவை போன டிசம்பரில், சார்மினார் எக்ஸ்பிரஸின் மூன்றாம் ஏசி பெட்டியில், மேல் பெர்த்தில் மல்லாந்து படுத்துக்கொண்டு, ஃபோனில். ரே இதைக் கேள்விப்பட்டால் வருத்தப்பட்டிருப்பார். ஆனால் முதல் இரண்டு தடவையும் பிடிபடாத ஒன்று இந்த மூன்றாவது தடவையில்தான் பிடிபட்டது. படத்தின் முடிவைப் பற்றி இத்தனை வருஷமாக நான் சொல்லிக்கொண்டிருந்தது தப்பு. அதை எழுதி வைக்கத்தான் இந்தப் பதிவு.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். 1966ல் வந்த வங்காளப் படம். அரிந்தம் முகர்ஜி (உத்தம் குமார்) பெரிய சினிமா நட்சத்திரம். டெல்லியில் விருது வாங்கப் போக வேண்டும், விமானத்தில் இடமில்லை, அதனால் கல்கத்தாவிலிருந்து ரயில். அன்று காலைப் பேப்பரில் அவன் ஏதோ கைகலப்பில் மாட்டிய செய்தி வந்திருக்கிறது. ரயிலின் உணவுப் பெட்டியில் அதிதி (ஷர்மிளா தாகூர்) என்ற பெண்ணைச் சந்திக்கிறான். அவள் பெண்களுக்கான ஒரு சீரியஸான பத்திரிகையின் ஆசிரியர். சினிமாக்காரர்கள் மேல் அவளுக்குப் பெரிய மரியாதை கிடையாது. ஆனால் இவனுடைய பேட்டி வந்தால் பத்திரிகை விற்கும். பேச்சுக் கொடுக்கிறாள், ரகசியமாகக் குறிப்பும் எடுக்கிறாள். அவனோ தன்னுடைய பழைய குருநாதர், கைவிட்ட நண்பன், பழிவாங்கிய சீனியர் நடிகர் என்று ஒவ்வொன்றாகக் கொட்டுகிறான். கடைசியில் அவள் அந்தக் குறிப்புகளைக் கிழித்துப் போட்டுவிடுகிறாள். டெல்லி வருகிறது, கறுப்புக் கண்ணாடி, மாலை, கூட்டம். அவ்வளவுதான்.

இந்தப் படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக பெர்க்மனின் 'வைல்ட் ஸ்ட்ராபெர்ரிஸ்' (1957) படத்தோடு ஒப்பிடுவார்கள். அதிலும் ஒருவர் கௌரவப் பட்டம் வாங்கப் பயணம் போகிறார், வழியில் கனவு, பழைய நினைவு எல்லாம் வருகின்றன. ஒப்பீடு சரிதான், ஆனால் எனக்கு அதில் ஒரு குறை. பெர்க்மனின் கிழவர் காரில் போகிறார். கார் என்றால் நினைத்த இடத்தில் நிறுத்தலாம், சின்ன வயதில் இருந்த வீட்டுப் பக்கம் திருப்பலாம், வழியில் ஆட்களை ஏற்றிக்கொள்ளலாம். அரிந்தமால் எதுவும் முடியாது. ரயில் அவனைக் கேட்டு நிற்காது. பக்கத்தில் யார் உட்கார வேண்டும் என்பதைக்கூட அவன் முடிவு செய்யவில்லை, ரிசர்வேஷன் சார்ட் முடிவு செய்தது. கல்கத்தாவில் கதவைச் சாத்தாமல் ஒரு நிமிஷம்கூட இருக்க முடியாத ஆளை, கதவைச் சாத்த முடியாத இடத்தில் கொண்டுவந்து உட்கார வைப்பதுதான் ரே செய்த காரியம். மனோதத்துவம் எல்லாம் அப்புறம்தான்.

நான் ஒரு சாஃப்ட்வேர்காரன், எதைப் பார்த்தாலும் முதலில் டைம்டேபிள்தான் கண்ணில் படும். ஹௌராவிலிருந்து டெல்லி சுமார் 1,450 கிலோமீட்டர். படத்தில் வருவது அந்தக் காலத்து ஏர்கண்டிஷன் செய்த டீலக்ஸ் ரயில், பெட்டிக்குப் பெட்டி உள்ளுக்குள்ளேயே நடந்து போகலாம். பயணம் ஏறக்குறைய ஒரு முழு நாள். படம் வந்து மூன்று வருஷத்தில், 1969ல், இதே ஹௌரா - புதுடெல்லி பாதையில் நாட்டின் முதல் ராஜ்தானி எக்ஸ்பிரஸ் ஓட ஆரம்பித்தது. பயண நேரம் 17 மணி நேரச் சொச்சமாகக் குறைந்தது. சாயங்காலம் ஏறி, சாப்பிட்டு, தூங்கி எழுந்தால் டெல்லி.

ராஜ்தானியில் 'நாயக்' நடந்திருக்குமா? நடந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். அதிதியும் அரிந்தமும் ஒரே மூச்சில் பேசி முடித்துவிடவில்லை. ஒரு தடவை பேசுகிறார்கள், எழுந்து அவரவர் இடத்துக்குப் போகிறார்கள், அவன் தூங்கிக் கெட்ட கனவு காண்கிறான், திரும்பவும் வந்து உட்காருகிறான். முதல் பேச்சில் வந்தது பேட்டி. நடுவில் அவள் அவனைக் குறுக்கு விசாரணையே செய்கிறாள். வாக்குமூலம் என்று ஒன்று வருவது இரவில்தான். இந்த இடைவெளிகள்தான் படத்தின் எலும்பு. பகல் முழுக்கப் பழகாமல் ராத்திரி யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். அதற்காக ரயிலை மெதுவாக ஓட்டச் சொல்லவில்லை, எனக்கும் திங்கட்கிழமை காலை மீட்டிங் இருக்கிறது.

இடமும் அப்படித்தான். ரயிலின் உட்புறம் முழுக்க பன்சி சந்திரகுப்தா ஸ்டுடியோவில் போட்ட செட். ஜன்னலுக்கு வெளியே ஓடுவது திரையில் காட்டிய பிம்பம். சுப்ரத மித்ராவின் ஒளிப்பதிவில் நிழலே விழாத ஒரு மெத்தென்ற வெளிச்சம் இருக்கும், ரயில் பெட்டிக்குள் பகலில் நிஜமாகவே இருக்கிற வெளிச்சம் அது. (ரேயோடு மித்ரா செய்த கடைசிப் படம் இது.) அந்தச் செட்டுக்குள் ரே வகுத்த நிலப்படம்தான் முக்கியம். அரிந்தம் இருப்பது நாலு பேர் கம்பார்ட்மெண்ட், கூட ஒரு தொழிலதிபர் குடும்பம், காய்ச்சலில் படுத்த ஒரு சின்னப் பெண். அதிதி இருப்பது சேர் கார். விளம்பர ஏஜென்சிக்காரர் ஒருவர் தன் மனைவியை வைத்துத் தொழிலதிபரை வளைக்கப் பார்க்கிறார், அந்த மனைவிக்கோ சினிமாவில் நடிக்க ஆசை. சினிமாவே பிடிக்காத, பேப்பருக்குக் கடிதம் எழுதும் பெரியவர் ஒருவர். ஒரு சாமியார். எல்லாருக்கும் எல்லாரிடமும் ஏதோ வேண்டியிருக்கிறது. நட்சத்திரமும் பத்திரிகைக்காரியும் சரிசமமாக எதிரெதிரே உட்கார ஒரே ஒரு பொது இடம்தான், உணவுப் பெட்டி. அதை எடுத்துவிட்டால் படம் இல்லை. இன்றைக்கு ஏகப்பட்ட ரயில்களில் அந்தப் பெட்டியே கிடையாது, சாப்பாடு பெர்த்துக்கே வந்துவிடுகிறது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ரூபாய் நோட்டுக் குவியலில் அரிந்தம் மூழ்குவது, எலும்புக் கைகள் டெலிபோனைப் பிடித்திருப்பது - அந்தக் கனவு எனக்கு மூன்று தடவையும் ஒட்டவில்லை. கனவோடு யூசர் மேனுவலும் சேர்த்துக் கொடுத்த மாதிரி இருக்கிறது. அதிதிக்கு மூக்குக் கண்ணாடி மாட்டிவிட்டால் அறிவாளி என்று புரிந்துகொள்ள வேண்டும் என்பதும் ரேயின் தரத்துக்குக் கொஞ்சம் கம்மி. இன்னொன்று, இந்த ரயிலில் ஏழை என்று யாருமே இல்லை. டீலக்ஸ் ரயில் என்பதால் நியாயம்தான், ஆனாலும் நாடு முழுக்க ஓடும் ஒரு ரயிலில் டிக்கெட் வாங்க வக்கிருப்பவர்களின் கவலை மட்டும் ஏறியிருப்பது உறுத்தத்தான் செய்கிறது.

நான்காவதாக ஒரு குறையும் வைத்திருந்தேன். அது முடிவு. அவள் குறிப்புகளைக் கிழிப்பது சுத்த சினிமாத்தனம், நிஜப் பத்திரிகைக்காரி கிழிக்க மாட்டாள், ரே நட்சத்திரத்துக்குச் சலுகை காட்டிவிட்டார் என்று நண்பர்களிடம் அடித்துப் பேசியிருக்கிறேன். இப்போது ரயிலுக்கு வருகிறேன்.

அப்பாவுக்கு 76 வயது. சாலார் ஜங் மியூசியத்தைப் பார்க்க வேண்டும் என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். விமானம் அவருக்கு ஒத்துக்கொள்ளாது, காது அடைத்துக்கொண்டு இரண்டு நாள் அவதிப்படுவார். நான் என் வழக்கமான கணக்கைப் போட்டேன். வெள்ளி சாயங்காலம் ஏறினால் சனி காலை நாம்பள்ளி. ஞாயிறு சாயங்காலம் திரும்ப ஏறினால் திங்கள் காலை சென்னை. இரண்டு பகல் முழுசாகக் கையில், ஓட்டல் வாடகை ஒரே ஒரு ராத்திரிக்கு. மியூசியத்துக்கு வெள்ளிதான் விடுமுறை, அதனால் அதிலும் இடிக்காது. இதைவிடச் சிக்கனமாக ஒரு வாரக் கடைசியைத் திட்டம் போட முடியாது.

மூத்த குடிமக்கள் சலுகையில் அப்பாவுக்குக் கீழ் பெர்த், எனக்கு நேர் மேலே மேல் பெர்த். எதிர் கீழ் பெர்த்தில் ஏறக்குறைய அப்பா வயசிலேயே ஒருவர், வாரங்கல்லில் இறங்குகிறவர். தெலுங்கு வாடையோடு நல்ல தமிழ் பேசினார். நெல்லூர் வரும்போது சாப்பாட்டை முடித்துவிட்டு நான் மேலே ஏறி, இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு, படத்தைப் போட்டேன். கீழே இருவரும் பென்ஷன், முழங்கால், சர்க்கரை என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

பத்து மணிக்கு மேல் நடு பெர்த்துகளை விரித்துவிட்டார்கள். மூன்றாம் ஏசியில் அது நடந்துவிட்டால் கீழே யாரும் நிமிர்ந்து உட்கார முடியாது, படுத்தே ஆக வேண்டும். விளக்கும் போய்விடும். இரண்டு பேர் ஒரு கையெட்டும் தூரத்தில், ஒருவர் முகம் ஒருவருக்குச் சரியாகத் தெரியாமல், எதிரெதிரே ஒருக்களித்துப் படுத்திருப்பார்கள். வேறு எந்த இடத்திலும் முன்பின் தெரியாத இரண்டு கிழவர்கள் அப்படிப் படுத்திருக்க வாய்ப்பில்லை. உணவுப் பெட்டிக்குப் பதிலாக நமக்குக் கிடைத்திருப்பது இதுதான் போல.

ஓங்கோல் தாண்டிப் படம் முடிந்தது. இயர்ஃபோனைக் கழற்றவில்லை, சும்மா படுத்திருந்தேன். சத்தம் நின்றதும் கீழே அப்பாவின் குரல் கேட்டது. சாதாரணமாக அவர் பேசுகிற குரல் இல்லை. வீட்டில் யாரிடமும் சொல்லாத ஒன்றை, நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு விஷயத்தை, அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். என் பேரும் ஒரு தடவை வந்தது. அந்தப் பெரியவர் "ம்", "ம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் அப்பா நிறுத்தி, அடுத்ததைச் சொல்லத் தயங்கினார். "புரிஞ்சுது சார், விடுங்க" என்றார் அவர். அப்பா விட்டுவிட்டார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது, யாருடையது என்று தெரியவில்லை.

படத்திலும் அதேதான் நடக்கிறது. அப்போதுதான் பார்த்து முடித்திருந்தும் எனக்கு அது இந்தப் பெரியவர் சொன்ன பிறகுதான் உறைத்தது. இரவில் அரிந்தம் குடித்துவிட்டு, கதவுப் பக்கம் நின்று தண்டவாளத்தையே பார்க்கிறான். கண்டக்டரை விட்டு அதிதியைக் கூப்பிடச் சொல்கிறான். ப்ரொமிளா என்ற பெண்ணைப் பற்றிச் சொல்ல ஆரம்பிக்கிறான். அதிதி கேட்கவில்லை. சொல்ல வேண்டாம், ஊகித்துவிட்டேன் என்று நிறுத்திவிடுகிறாள். பேட்டியின் மிகச் சூடான பகுதி அது, பத்திரிகை விற்றிருக்கும். அவள் அவனைப் பத்திரமாக அவன் இடத்துக்குப் போகவைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போகிறாள். அவள் குறிப்புகளைக் கைவிடுவது அங்கேயே நடந்துவிட்டது. பின்னால் காகிதத்தைக் கிழிப்பது வெறும் ஃபைலை டெலீட் செய்கிற வேலை. நான் இருபது வருஷமாகக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அந்தக் கதவோரக் காட்சியைப் பார்க்கவில்லை. ரே நட்சத்திரத்துக்குச் சலுகை காட்டியதாகச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். கேட்கிறவருக்கும் ஒரு வேலை இருக்கிறது, எந்த இடத்தில் கேட்பதை நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருப்பது. அதிதிக்குத் தெரிந்திருந்தது, வாரங்கல்காரருக்கும் தெரிந்திருந்தது. மேல் பெர்த்தில் இருந்தவனுக்குத் தெரியவில்லை. இருமியிருக்கலாம், பாட்டுப் போட்டிருக்கலாம். மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

காலையில் எதிர் பெர்த் காலி. மியூசியத்தில் அப்பா உற்சாகமாகவே இருந்தார். பன்னிரண்டு மணிக்கு முன்னால் அந்தப் பெரிய கடிகாரத்துக்கு எதிரே கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்தோம். சின்ன பொம்மை மனிதன் வெளியே வந்து மணி அடித்துவிட்டு உள்ளே போனான். சின்னப் பிள்ளைகளோடு சேர்ந்து அப்பாவும் எண்ணினார். மார்பிள் முக்காடு போட்ட ரெபெக்காவைச் சுற்றிச் சுற்றி வந்து, "துணி மாதிரியே இருக்குடா" என்றார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த விஷயம் தெரிந்த பிறகு முகம் வேறு மாதிரித் தெரியும் என்று நினைத்தேன். தெரியவில்லை.

அப்பா சொன்னது என்ன என்று இங்கே எழுதப் போவதில்லை. முதல் டிராஃப்டில் இரண்டு பத்தி எழுதியிருந்தேன், நன்றாகவும் வந்திருந்தது. எடுத்துவிட்டேன். ஆனால் இப்படி ஒன்று நடந்தது என்று எழுதுவதே அதிதி செய்யாத வேலை இல்லையா? அதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை. அதனால் போன ஞாயிற்றுக்கிழமை, இதுவரை எழுதியதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கடிகாரம் வரைக்கும் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, "அன்னிக்கு முழுசாக் கேட்டியாடா?" என்றார்.

"கேட்டேம்ப்பா."

ஃபேனைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். "சரி, மேல படி" என்றார்.

அதற்கு மேல் நான் எழுதியிருக்கவில்லை.