மலை ஓடைக்கு ஏற்ற ரீல்: ஈத்தூண்டிலின் இரு மரபுகள்

பதுளை மாவட்டத்து ஒஹிய ரயில் நிலையத்திலிருந்து ஏறிச் சென்றடையக்கூடிய ஹோர்ட்டன் சமவெளியின் குளிர்ந்த ஓடைகளில் வாழும் ட்ரவுட் மீன் இம்மண்ணுக்கு உரியதன்று. 1880களில் பிரித்தானியத் தோட்டத் துரைமார் இங்கிலாந்திலிருந்து முட்டைகளைத் தருவித்து மலைநாட்டு நீரில் பிரவுண் ட்ரவுட்டை விட்டனர். பின்னர் வந்த ரெயின்போ ட்ரவுட்டே தானாகப் பெருகி இங்கு நிலைத்தது. 1896இல் இலங்கை மீன்பிடிக் கழகம் அமைந்த காலத்தில், இறகும் நூலும் கட்டிய போலிப் பூச்சியை நீர்மேல் வீசி மீன்பிடிக்கும் ஈத்தூண்டில் முறை துரைமார் பங்களாக்களின் பொழுதுபோக்காக வேரூன்றியிருந்தது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயன்களில் வாழ்ந்தோரின் கைக்கு அக்கலை எட்டாததால், அதன் கருவி நுட்பம் தமிழில் விரித்து எழுதப்பட்டது மிக அரிது.

இம்முறையில் வீச்சுக்கு வேகம் தருவது கனமான தூண்டிற்கயிறே. ரீலின் வேலை அக்கயிற்றைச் சுற்றிவைப்பதும், மீன் ஓடும்போது அளவாகத் தடுப்பதுமாகும். இத்தடுப்பே இழுவைத்தடை எனப்படும்.

1872இல் இங்கிலாந்தின் ஆனிக் நகரில் தோன்றிய ஹார்டி நிறுவனம் 1891இல் வெளியிட்ட 'பெர்ஃபெக்ட்' ரீல் பிரித்தானிய மரபின் உச்சம் எனலாம். அம்மரபின் பெரும்பாலான ரீல்களில், வில்லால் அழுத்தப்பட்ட சிறு நாக்கு ஒன்று பற்சக்கரத்தில் தட்டித் தட்டி ஓசையெழுப்பியவாறு உருளையின் வேகத்தை மட்டுப்படுத்துகிறது; தடை மெலிதாயினும் பழுதுபார்ப்பது எளிது. அமெரிக்காவிலோ 1874இல் சார்ல்ஸ் ஓர்விஸ் துளையிட்ட ஒடுங்கிய உருளைக்குக் காப்புரிமை பெற்றார். கடலில் ஓடும் வலிய மீன்களை எதிர்கொள்ளும் தேவை பிற்காலத்தில் அங்கு வட்டுத்தடையை வளர்த்தது. தக்கையோ கரிநாரோ கொண்ட வட்டு உலோகப் பரப்பில் உராய்ந்து தருவது அத்தடை.

தடையின் வலிமையையே உயர்வென்று கருதுவது பொதுவான பிழை. நின்ற உருளை அசையத் தொடங்க வேண்டிய விசை, ஓடிக்கொண்டிருக்கும்போது வேண்டிய விசையைவிட மிகுந்திருந்தால், மெல்லிய நுனிநூல் மீனின் முதல் பாய்ச்சலிலேயே அறுந்துவிடும். அன்றியும், கயிறு வெளியேற வெளியேற உருளையில் எஞ்சிய சுற்றின் ஆரம் குறைவதால், தடையின் முறுக்குவிசை மாறாதிருந்தாலும் கயிற்றின் இழுவிசை கூடுகிறது. நடுத்தண்டு பருத்த ரீல் இந்த ஏற்றத்தைத் தணிக்கிறது. நுனிநூல் தாங்கும் பளுவில் கால் பங்கிலிருந்து மூன்றிலொரு பங்குவரை தடையை வைப்பது நடைமுறை: நான்கு இறாத்தல் தாங்கும் நூலுக்கு ஏறத்தாழ ஓர் இறாத்தல்.

பாறையிடுக்கில் பதுங்கும் சிறு ட்ரவுட்டுக்கு, ஓட்டம் சீரான இலேசான நாக்குத்தடை ரீலே போதும். உலகின் வேறெங்கோ பெருமீனுக்கென வடிக்கப்பட்ட கனத்த வட்டுத்தடை இங்கு தூண்டிற்கோலின் சமநிலையைக் கெடுக்கும் வீண்சுமையே. மகாவலியில் சேரும் உமா ஓயா போன்ற தாழ்ந்த ஆறுகளில் மகசீர் போன்ற வலிய மீனை நாடுவோருக்கு மட்டும் வட்டுத்தடையும், தூண்டிற்கயிற்றின் பின்னே இணைக்கும் கூடுதல் பின்கயிறும் உண்மையில் தேவைப்படும்.

ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்காவாக இருப்பதால், அங்கு செல்ல விரும்பும் வாசகர் கருவியைத் தெரிவுசெய்யுமுன் வனசீவராசிகள் திணைக்களத்திடம் நடப்பு விதிகளைக் கேட்டறிய வேண்டும்.