அப்பாவுக்குப் போகும் வணக்கம்

ஆங்கில மின்னஞ்சல் எழுதக் கற்றுத்தரும் வகுப்புகளும் கையேடுகளும் பெருகிவிட்டன. முதல் பாடம் எங்கும் ஒன்றுதான்: 'டியர்', அடுத்து 'மிஸ்டர்' அல்லது 'மிஸ்', அதன்பின் குடும்பப் பெயர். யாருக்கு எழுதினாலும் பிசகாத மரியாதை இதுவே என்று சாதிக்கிறார்கள்.

பயன் இல்லாமல் இல்லை. பெயர் தெரியாதவருக்கு 'டியர் சார் ஆர் மேடம்' என்று தொடங்கினால் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி', பெயர் சொல்லித் தொடங்கினால் 'யுவர்ஸ் சின்சியர்லி' என்று முடிக்கும் பிரிட்டிஷ் வழக்கம், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரின் தயக்கத்தைப் போக்கும். முன்பின் அறியாதவரை 'ஹேய்' என்று கூப்பிடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் குடும்பப் பெயர் எல்லாருக்கும் உண்டா? கந்தசாமியின் மகள் மலர்விழி, க. மலர்விழி என்றுதான் கையெழுத்திடுவார். வெளிநாட்டு விண்ணப்பத்தில் 'சர்நேம்' கட்டத்தைக் காலியாக விடக் கூடாது என்பதால் இனிஷியலை விரித்து அப்பா பெயரை நிரப்புகிறார். அந்தக் கட்டத்திலிருந்து பெயரை எடுத்துக்கொள்ளும் பல்கலைக்கழகம் 'டியர் மிஸ் கந்தசாமி' என்று எழுதுகிறது. கல்யாணத்துக்குப் பிறகு அங்கே கணவர் பெயர் வந்து உட்காரும். மலர்விழியை மலர்விழி என்று யாரும் அழைக்கப்போவதில்லை. ஒற்றைப் பெயர்க்காரருக்கு அமெரிக்க விசாவில் முதற்பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' என்று அச்சாகிறது. முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. பிறகு 'டியர் எஃப்என்யூ' என்றே கடிதம் வருகிறது. இதையா மரியாதை என்பது?

நமக்கு மட்டும் நேர்வதல்ல. ஐஸ்லாந்தில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. 1980 முதல் 1996 வரை அதிபராக இருந்தவரையும் நாடு விக்திஸ் என்ற சொந்தப் பெயரால்தான் அழைத்தது. ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த ஊ தாண்டின் பெயர் தாண்ட் மட்டுமே. 'ஊ' என்பது பர்மியர் பெரியவர்களுக்கு இடும் அடைமொழி. விஸ்வநாதன் ஆனந்தைச் சதுரங்க உலகம் 'விஷி' என்று கொஞ்சுவதும் அவர் அப்பா பெயரைச் சுருக்கித்தான்.

இவையெல்லாம் விதிவிலக்குகளாம். கோடிக்கணக்கானவர்களை விதிவிலக்கு என்று ஒதுக்கும் ஒன்றைப் பொதுவிதியாக நான் ஏற்கமாட்டேன். எதிரே இருப்பவர் யாரென்று பாராமல் கட்டத்தைப் பார்த்து எழுதும் சோம்பல் இது.

வந்த கடிதத்தின் அடியில் அவர் எப்படிப் பெயரிட்டிருக்கிறார் என்று பாருங்கள், அப்படியே அழையுங்கள். அது தெரியாவிட்டால் 'மிஸ்டர்', 'மிஸ்' எதுவும் சேர்க்காமல் முழுப்பெயரையும் எழுதுங்கள். வகுப்பெடுப்பவர்கள் இதையே முதல் பாடமாக வைக்கட்டும்.